முகமூடிகள் நடந்த வழி – 9: பேயோட்டியே பேயான கதை

706-ஆம் ஆண்டு ஜப்பானை ஒரு கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது. மொம்மு பேரரசர் ஆண்ட காலம். தலைநகர் இன்னும் நாராவுக்கு மாறவில்லை, ஃபுஜிவாரா-க்யோவில் இருந்தது. 'ஷோகு நிஹோங்கி' என்ற அரச வரலாற்று நூல் அந்த ஆண்டுக் கணக்கை முடிக்கிற இடத்தில் நோயையும் சாவையும் சொல்லிவிட்டு, அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்கிறது. அந்த ஆண்டுதான் முதல்முதலாக மண்ணால் மாடு செய்து வைத்தார்கள், பெரிய பேயோட்டுச் சடங்கு நடத்தினார்கள். ஜப்பானின் பேயோட்டு முகமூடிக்கு ஏட்டில் கிடைக்கிற பிறந்தநாள் என்றால் இதுதான்.

மண் மாடுகள் அரண்மனை வாசல்களில் நின்றன, பக்கத்தில் ஆளுக்கொரு சிறுவன் பொம்மையோடு. கடுங்குளிர் தொடங்கும்போது வைத்து, வசந்தம் பிறப்பதற்கு முந்தைய இரவில் எடுத்துவிடுவார்கள். மாட்டின் கதை அவ்வளவுதான், காலப்போக்கில் அது மறைந்துவிட்டது. நிலைத்தது பேயோட்டு. பிற்காலத்தில் அதற்கு 'த்சுயினா' என்று பெயர் வழங்கியது.

சென்ற இதழில் ஹான் பேரரசின் லோயாங் அரண்மனையைப் பார்த்தோம். சிவப்புத் தலைப்பாகை கட்டிய 120 சிறுவர்கள், பேய்களைத் தின்னும் 12 விலங்கு வேடக்காரர்கள், கடைசியில் லோ ஆற்றில் எறியப்பட்ட தீப்பந்தங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கரடித்தோல் போர்த்தி, பொன்னில் நான்கு கண் வைத்த முகத்தோடு ஈட்டியும் கேடயமும் ஏந்தி நடந்தவன் ஃபாங்ஷியாங்ஷி. அந்த ஆள்தான் கடல் தாண்டி ஜப்பானுக்கு வந்து ஹோசோஷி ஆனான். வரும் வழியில் கரடித்தோல் கழன்றுவிட்டது, ஜப்பானியச் சடங்கு நூல்களில் அதைக் காணோம். கறுப்பு மேலங்கி, செந்தூர நிறக் கீழாடை, வலக்கையில் ஈட்டி, இடக்கையில் கேடயம், முகத்தில் பொன்னால் நான்கு கண்கள். இவை அப்படியே வந்து சேர்ந்தன. நான்கு திக்கையும் ஒரே நேரத்தில் பார்க்க நான்கு கண் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

706-க்கு முன்னால் ஜப்பானில் இப்படி ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், நாரா மாவட்டத்தின் சகுராய் நகருக்குப் போக வேண்டும். அங்கே மக்கிமுகு என்ற தொல்லியல் களத்தில், ஒரு குழிக்குள்ளிருந்து 2007-இல் மரமுகம் ஒன்று கிடைத்தது. மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் உயரம், ஒரு மனித முகத்தை மூடுகிற அளவு. இதில் சுவையான விஷயம், இது முகமூடிக்கென்று எடுத்த மரமே அல்ல. வயலில் உழைத்த மண்வெட்டியின் பலகை. காம்பு செருகியிருந்த துளையை அப்படியே வாயாக வைத்துக்கொண்டு, கண்களை மட்டும் புதிதாகக் குடைந்திருக்கிறான் அந்தத் தச்சன். மூக்கைச் செதுக்கி எடுத்திருக்கிறான், புருவம் கீறிய தடமும் தெரிகிறது. கூடவே ஓர் அரிவாளின் காம்பும், செந்தூரம் பூசிய கேடயத்தின் துண்டும் கிடந்தன.

முகமூடி, கேடயம், வெட்டுகிற ஆயுதம் ஒன்று. மூன்றும் ஒரே குழியில் கிடந்ததால் இது ஹோசோஷியின் முன்னோடியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதினார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. நான்கு கண் இல்லை, பொன் இல்லை. அறுவடைச் சடங்கு எதற்காவது செய்ததாகவும் இருக்கலாம். ஆனால் அரண்மனை இந்தச் சடங்கைச் சீனத்திலிருந்து தருவிப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் முன்பே, முகத்தை மறைத்துக்கொண்டு எதையோ எதிர்கொள்ளும் பழக்கம் அந்த மண்ணில் இருந்தது என்பதற்கு இந்த மண்வெட்டி முகம் சாட்சி. வந்த விதை வெறும் பாறையில் விழவில்லை.

சரி, 706-இல் சடங்கு நடத்தியது பலன் தந்ததா? 735-இல் க்யூஷூவில் தொடங்கிய பெரியம்மை 737-இல் தலைநகரை எட்டியது. அரசவையைக் கைக்குள் வைத்திருந்த ஃபுஜிவாரா சகோதரர்கள் நால்வரும் அந்த ஓர் ஆண்டுக்குள் மாண்டுபோனார்கள். அதற்காகச் சடங்கை யாரும் கைவிடவில்லை. எதிரி பலமானவன் என்று தெரிந்தபிறகு காவலை யார் குறைப்பார்?

தலைநகர் ஹெயான்-க்யோவுக்கு, அதாவது இன்றைய கியோட்டோவுக்கு மாறிய பிறகு சடங்கு முழு வடிவம் பெற்றது. ஒன்பதாம் நூற்றாண்டின் சடங்கு நூல்களும், 927-இல் எழுதி முடிக்கப்பட்ட 'எங்கிஷிகி' என்ற சட்டவிதித் தொகுப்பும் அந்த இரவை நமக்குக் காட்டுகின்றன.

பன்னிரண்டாம் மாதத்தின் கடைசி நாள், இரவு. அதிகாரிகள் வாசல்களில் கூடுகிறார்கள். அவர்கள் கைகளில் பீச் மர வில், நாணல் அம்பு, பீச் மரத்தடி. பீச் மரத்துக்குத் தீயதை விரட்டும் ஆற்றல் உண்டு என்பது சீன நம்பிக்கை. அரண்மனைச் சேவகர்களில் நெட்டையான ஒருவனைத் தேர்ந்தெடுத்து முகமூடி மாட்டியிருக்கிறார்கள். அவன் பின்னால் கருநீல உடையில் 20 பேர். முற்றத்தில் எல்லோரும் வந்து நின்றதும், நாளும் கோளும் பார்க்கும் துறையைச் சேர்ந்த ஓன்மியோஜி முன்னால் வந்து பேய்களை நோக்கி ஓர் அறிக்கை வாசிக்கிறார்.

அந்த அறிக்கையைத்தான் நான் பலமுறை வியந்திருக்கிறேன். மந்திரம் மாதிரி இருக்காது, அரசாங்க உத்தரவு மாதிரி இருக்கும். ஊர்களில் ஒளிந்திருக்கும் நோய்ப் பேய்களே, உங்களுக்கு இனி இங்கே இடமில்லை. கிழக்கே முத்சு, மேற்கே தோச்சிகா, தெற்கே தோசா, வடக்கே சாதோ, இவற்றுக்கு அப்பால்தான் உங்கள் குடியிருப்பு. ஐந்து நிறப் பொருள்களும் கடலிலும் மலையிலும் விளைந்த பலவகை உணவும் தருகிறோம், வாங்கிக்கொண்டு உடனே கிளம்புங்கள். வஞ்சகமாக ஒளிந்து தங்கினால் ஆயுதத்தோடு துரத்தி வந்து கொன்றுபோடுவோம். சாரம் இதுதான். முதலில் கைக்கூலி, பிறகு மிரட்டல்! நோய்க்கிருமிக்கு இடமாற்ற உத்தரவு பிறப்பித்த அரசு அது.

சொல்லப்பட்ட நான்கு இடங்களையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். முத்சு வடகிழக்குக் கோடி. தோச்சிகா என்பது நாகசாகிக்கு மேற்கே கடலில் கிடக்கும் இன்றைய கோத்தோ தீவுகள். தோசா ஷிக்கோக்குவின் தென்கரை. சாதோ வடகடல் தீவு. அன்றைய அரசின் கை எட்டிய எல்லைகள் இவை. பேய் அழிய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் போதும். அம்மை மேற்கிலிருந்து கப்பலில் வந்ததைக் கண்ட நாட்டுக்கு, நோய் என்பது வெளியிலிருந்து வரும் ஆள்.

அறிக்கை முடிந்ததும் ஹோசோஷி ஓங்கிக் குரல் எழுப்புகிறான். ஈட்டியால் கேடயத்தை மூன்று முறை அடிக்கிறான். கூடியிருந்தவர்கள் பதிலுக்குக் கத்துகிறார்கள். கூட்டம் பிரிந்து நான்கு வாசல்கள் வழியாகப் பாய்கிறது. அரண்மனை மதிலுக்கு வெளியே நகர அதிகாரிகள் காத்திருக்கிறார்கள், அவர்கள் கொட்டு முழக்கோடு ஏற்றுக்கொண்டு ஊர் எல்லைவரை விரட்டிப்போகிறார்கள்.

இத்தனை அமர்க்களத்திலும் பேயாக வேடமிட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. பேய் கண்ணுக்குத் தெரியாதது. அச்சமூட்டும் முகம் ஒன்றே ஒன்றுதான் அந்த முற்றத்தில் இருந்தது, அது விரட்டுகிறவனின் முகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் குழப்பத்துக்கு வேர் இங்கேதான்.

அரண்மனைச் சத்தம் வீடுகளுக்கும் பரவியது. முரசாகி ஷிகிபுவின் 'கெஞ்சி' நெடுங்கதையில் சிறுமி முரசாகி, தன் பொம்மை வீட்டைப் பணிப்பெண் இனுகி பேயோட்டுகிறேன் என்று உடைத்துவிட்டதாகப் புகார் சொல்கிறாள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கியோட்டோவில் குழந்தைகள் இதை விளையாட்டாக ஆடியிருக்கிறார்கள். அதே கதையில் கெஞ்சி தன் வாழ்வின் கடைசிப் பக்கங்களில் நிற்கும்போது, பேரன் பேயோட்ட எதைத் தட்டினால் அதிகச் சத்தம் வரும் என்று ஓடித் திரிகிறான்.

இனி ஹோசோஷிக்கு நேர்ந்த கதிக்கு வருவோம்.

1111-இல் மறைந்த அறிஞர் ஓஏ நோ மசஃபுசா அரண்மனைச் சடங்குகளை விவரித்து 'கோகே ஷிதாய்' என்ற நூலை எழுதினார். அதில் ஹோசோஷி வழக்கம்போல் குரல் எழுப்புகிறான், மூன்று முறை கேடயத்தை அடிக்கிறான், வாசல் வழியாகப் போகிறான். அதற்குப் பிறகு வருவதுதான் புதுசு. அரசவையினர் வில்லை வளைத்து ஹோசோஷியின் மீதே அம்பு எய்கிறார்கள்! பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சிஜோ கனேரா எழுதிய 'குஜி கொங்கென்' நூலுக்கு வரும்போது ஒளிவுமறைவே இல்லை. சேவகர் துறையைச் சேர்ந்தவர் பேயாக வருகிறார், அவரை எய்து விரட்டுகிறார்கள் என்கிறது அது. ஊருக்காகப் பேயோடு மல்லுக்கு நின்றவனையே பேய் என்று சொல்லி ஊரைவிட்டுத் துரத்திவிட்டார்கள்.

எப்படி இது நடந்தது? வரலாற்றாசிரியர்கள் காட்டும் முதல் காரணம் தீட்டு. ஹோசோஷிக்கு இன்னொரு வேலை உண்டு. சீனத்தின் 'சோவ் லி' நூலில் அவன் சவப்பெட்டிக்கு முன்னால் நடப்பான். புதைகுழிக்குள் இறங்கி ஈட்டியால் நான்கு மூலையையும் குத்தி, பிணத்தைத் தின்ன வரும் பூதத்தை ஓட்டுவான். ஜப்பானும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. 757-இல் நடைமுறைக்கு வந்த யோரோ சட்டத்தொகுப்பின் ஈமச்சடங்குப் பிரிவு, முதல்தர இளவரசரின் சாவுக்கு ஹோசோஷியும் சவ ஊர்தியும் உண்டு என்று விதிக்கிறது. ஆக ஆண்டு முடிவில் அரண்மனை முற்றத்தில் நிற்கும் அதே பொன்முகம், சாவு வீட்டு ஊர்வலத்திலும் முன்னால் போயிருக்கிறது.

ஆரம்பத்தில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் ஹெயான் அரசவையைத் தீட்டுப் பயம் ஆட்டிப்படைத்தது. 'எங்கிஷிகி' தீட்டுக்கு நாள் கணக்கே போடுகிறது. மனிதச் சாவுக்கு 30 நாள், பிள்ளைப்பேற்றுக்கு 7 நாள், வளர்ப்பு விலங்கு செத்தால் 5 நாள். தீட்டுப்பட்டவர் அரண்மனைக்குள் கால் வைக்கக் கூடாது. இப்படிப்பட்ட சூழலில் பிணத்தோடு தொடர்புள்ள ஒரு முகம் பேரரசரின் முற்றத்தில் வந்து நின்றால் மனம் கூசாதா? சுத்தம் செய்ய வந்தவனே அழுக்காகத் தெரிய ஆரம்பித்தான்.

இந்தக் காரணம் சரிதான். ஆனால் இது மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. கையில் வில்லைக் கொடுத்து, அம்பையும் கொடுத்து, வெறும் காற்றை எய்யச் சொல்லி ஆண்டுக்காண்டு நிறுத்தினால் மனிதர்கள் எத்தனை காலம் எய்வார்கள்? குறி வேண்டும். அந்த முற்றத்தில் குறியாகக்கூடிய கோர முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தீட்டுப் பயம் இல்லாமல் இருந்திருந்தாலும் கொஞ்சம் தாமதமாக அந்த அம்பு ஹோசோஷியின் மேல்தான் பாய்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அரண்மனைக்கு வெளியே கோயில்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தன. புத்தர் கோயில்களில் ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் பெருவழிபாடுகளின் கடைசி நாளில் பேய்களை மேடைக்கே கொண்டுவந்தார்கள். 'ஓனி' என்று ஜப்பானியர் சொல்லும் கொம்பு முளைத்த, கோரைப்பல் நீண்ட பேய்க்கு மர முகமூடிகள் செதுக்கப்பட்டன. நாராவின் ஹோர்யூஜியில் சாயெந்தோ என்ற எண்கோண மண்டபம் இருக்கிறது. அங்கே 1261 முதல் பேய் விரட்டுச் சடங்கு நடந்துவருகிறது. தந்தை கருப்புப் பேய், தாய் நீலப் பேய், பிள்ளை சிவப்புப் பேய், ஒரு முழுக் குடும்பம்! மண்டபத்து மேடையில் நின்று எரியும் பந்தங்களைக் கூட்டத்தை நோக்கி வீசுகின்றன. பின்னாலேயே ஈட்டியோடு பிஷாமொன்தென் வந்து துரத்துகிறார். நம் குபேரனாகிய வைசிரவணன்தான் பௌத்தத்தின் வழியே அங்கே போய் வடதிசைக் காவல் வீரன் ஆகியிருக்கிறார். விரட்டுபவன் வேறு, விரட்டப்படுவது வேறு என்று இங்கே முகங்கள் பிரிந்துவிட்டன. ஹோசோஷிக்கு இந்த மேடையில் இடமில்லை, அந்தப் பாத்திரத்தைத் தேவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் பேய்முகத்துக்குப் பேயை விரட்டும் சக்தி உண்டு என்ற பழைய நம்பிக்கை சாகவில்லை. பத்தாம் நூற்றாண்டில் ஹியேய் மலை மடத்தின் தலைவராக இருந்த ரியோகென் என்ற துறவி (912–985) நல்ல சாட்சி. கொள்ளைநோய் பரவிய நாளில் அவர் கண்ணாடி முன் அமர்ந்து தியானிக்க, கண்ணாடியில் அவர் உருவம் கொம்பும் எலும்புமாகப் பேயாக மாறியது என்றும், அதைச் சீடர் வரைந்தெடுக்க, அச்சடித்து வீட்டுக் கதவுகளில் ஒட்டச் சொன்னார் என்றும் கதை. மெலிந்த கறுப்பு உடம்பு, நீண்ட இரண்டு கொம்பு. 'த்சுனோ தாய்ஷி', கொம்பு முனிவர். கொரோனா காலத்தில் அந்தத் தாளைத் தேடி வாங்கியவர்கள் ஜப்பானில் நிறையப் பேர்.

இதற்கிடையில் அரண்மனைச் சடங்கு மெல்லத் தேய்ந்தது. வீடுகளில் வறுத்த சோயா மொச்சை இறங்கியது. வசந்தம் பிறப்பதற்கு முந்தைய நாளான செத்சுபுன் அன்று அறைக்கு அறை மொச்சையை இறைத்து, பேய் வெளியே, பாக்கியம் உள்ளே என்று கத்தும் வழக்கத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவிலேயே கியோட்டோவின் ஷோகோகுஜி துறவி ஒருவரின் நாட்குறிப்பு பதிந்துவைத்திருக்கிறது. பழைய சந்திரக் கணக்கில் புத்தாண்டும் வசந்தப் பிறப்பும் அக்கம்பக்கத்தில் வந்ததால் ஆண்டு முடிவுப் பேயோட்டும் செத்சுபுனும் எளிதாக ஒட்டிக்கொண்டன. 1873-இல் ஜப்பான் மேல்நாட்டு நாட்காட்டிக்கு மாறியபோது புத்தாண்டு ஜனவரி 1-க்குப் போய்விட்டது, பேயோட்டு பிப்ரவரி 3-ஐ ஒட்டித் தங்கிவிட்டது. (2021-இல் 124 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாகப் பிப்ரவரி 2-இல் வந்தது.)

இன்றைக்குக் கடையில் மொச்சைப் பொட்டலம் வாங்கினால் அட்டையில் அச்சடித்த சிவப்பு ஓனி முகம் இலவசமாக வரும், காதில் மாட்ட ரப்பர் வளையத்தோடு. பெரும்பாலும் அப்பாதான் அதை மாட்டிக்கொண்டு பிள்ளைகளிடம் அடி வாங்குவார். பிறகு வயதுக்கு ஒன்றாக எண்ணி மொச்சை தின்பார்கள். ஹொக்காய்தோ பக்கம் தோல் உரிக்காத வேர்க்கடலையை எறிகிறார்கள். கீழே விழுந்தாலும் பொறுக்கி உரித்துத் தின்னலாம், சிக்கனமான ஏற்பாடு.

இந்த இடத்தில் ஒரு குறுக்கீடு. பேயோட்டு முகமூடி என்றதும் இணையத்தில் பலரும் காட்டுவது 'ஹன்னியா' முகத்தை. அது நோ நாடகத்தின் முகம், பொறாமையால் பேயான பெண்ணின் முகம். 'அஓய் நோ உஎ' நாடகத்தில் அந்த முகத்தை அணிந்து வருபவளைத்தான் துறவி மந்திரம் சொல்லி அடக்குகிறார். அதாவது ஓட்டப்படும் முகம், ஓட்டும் முகம் அல்ல. பச்சை குத்திக்கொள்பவர்களுக்கு இதெல்லாம் கவலையில்லை என்று நினைக்கிறேன்.

ஹோசோஷி திரும்பி வந்தது 1928-இல். கியோட்டோ அரண்மனைக்கு வடகிழக்கே, பேய் வரும் திசை என்று நம்பப்பட்ட மூலையில் யோஷிதா ஆலயம் இருக்கிறது. அங்கே பழைய நூல்களைப் பார்த்துச் சடங்கை மீட்டெடுத்தார்கள். செத்சுபுனை ஒட்டிய மாலையில் அந்தக் குன்றின் அடிவாரத்தில் நெரிசல் தாங்காது. ஓன்மியோஜி அறிக்கை வாசித்து முடித்ததும் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று பேய்கள் உறுமிக்கொண்டு வருகின்றன. சிவப்பு கோபத்தைக் குறிக்கிறதாம், நீலம் துயரத்தை, மஞ்சள் வேதனையை. நான்கு பொற்கண் முகத்தோடு ஹோசோஷி வந்து ஈட்டியால் கேடயத்தை அடிக்க அடிக்க, பேய்கள் துவண்டு பின்வாங்குகின்றன. கடைசியில் பீச் மர வில்லிலிருந்து நாணல் அம்பு பறக்கிறது. இந்த முறை அம்பு அவன்மேல் பாயவில்லை.

மீட்டெடுத்தது பழைய சடங்குதானா? நூலிலிருந்து ஆடையையும் அறிக்கையையும் எடுத்தார்கள், உண்மை. ஆனால் ஹெயான் முற்றத்தில் இந்த மூன்று வண்ணப் பேய்கள் ஒருபோதும் நின்றதில்லை. கோயில் மேடைகளும் மொச்சை எறிதலும் சேர்ந்து ஜப்பானியர் கண்ணுக்குப் பழக்கிவிட்ட ஓனி இல்லாமல், இருபதாம் நூற்றாண்டில் பேயோட்டு நடத்த முடியாது. வேடிக்கை பார்க்க வருகிறவனுக்குப் பேய் தெரிய வேண்டும். ஹோசோஷி தன் வேலையைத் திரும்பப் பெற்றதும் அதனால்தான், அடி வாங்க வேறு மூன்று முகங்கள் கிடைத்துவிட்டன.

ஓனியை விரட்டாத ஊர்களும் உண்டு. கோபே நகரின் நாகதா ஆலயத்தில் ஏழு ஓனிகள் தெய்வத்தின் தூதர்களாக வந்து, பந்தம் ஏந்தி ஆடித் தீயதை எரிக்கின்றன. க்யூஷூவின் குனிசாகி தீபகற்பத்தில் ஓனி என்பது புத்தரின் மறுவடிவம், பந்தத்தால் அது தட்டினால் நோய் வராது என்று முதுகைக் காட்டி நிற்கிறார்கள். யோஷினோவின் கிம்புசென்ஜியில் பேயும் உள்ளே வரட்டும் என்றே கூவுகிறார்கள். மற்ற ஊர்களில் துரத்தப்பட்ட ஓனிகள் எல்லாம் எங்கேதான் போகும், இங்கே வந்து சூத்திரம் கேட்டுத் திருந்தட்டும் என்பது அவர்கள் நியாயம்.

இதே நான்கு கண் முகம் கொரியாவுக்கும் போனது. அங்கே 'பாங்சாங்ஷி' என்ற பெயரில் சவ ஊர்வலத்தின் தலைமாட்டில் கடைசிவரை நின்றது, யாரும் அதன்மேல் அம்பு எய்யவில்லை. சோசொன் அரச குலத்தின் மரமுகம் ஒன்று சியோலின் சாங்தொக் அரண்மனையிலிருந்து கிடைத்திருக்கிறது. அதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)